நாகைக் கோபுரத்தில் எட்டு எழுத்துகள்

தேவிபட்டினத்துக் கடல் ஆர்ப்பரிக்கும் கடல் அன்று. பாக் நீரிணையின் கரையில், இராமநாதபுரத்துக்கு வடகிழக்கே அமைந்த இவ்வூரில் பெரும்பாலான நாட்களில் அலை கரையைத் தொட்டுத் தடவிவிட்டுத் திரும்பிவிடும். நவபாஷாணம் எனப்படும் ஒன்பது கற்கள் கடல்நீருக்குள் நிற்பதை நீங்களும் வந்து பார்த்திருக்கக்கூடும். அங்கிருந்து சற்றுத் தள்ளி, நீர் வடிந்த ஈர மணல் புதிதாகக் கழுவிய சிலேட்டுப் பலகை போல் கிடக்கும். ஒரு விடுமுறை நாள் காலையில் அந்த மணலில் குந்தியிருந்து, ஆள்காட்டி விரலால் மூன்று படுக்கைக் கோடுகளை ஒன்றன்கீழ் ஒன்றாக இழுத்தேன்.

வலையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்த பெரியவர் ஒருவர் நின்று பார்த்தார்.

"என்ன தம்பி, கணக்குப் போடுறீங்களா?"

"இல்லைங்கய்யா, சீன எழுத்து. மூணுன்னு அர்த்தம்."

"மூணு கோடு போட்டா மூணு. இதுக்குப் போயி படிக்கணுமாக்கும்!" என்று சிரித்துக்கொண்டே நடந்தார்.

பெரியவர் சொன்னதில் பாதி உண்மை. மறுபாதி என்ன என்பதைத்தான் இக்கட்டுரையில் நாம் சேர்ந்து காணப்போகிறோம். "இயற்பியல் சொல்லித்தரும் உங்களுக்குச் சீன எழுத்து எதற்கு, சார்?" என்று என் மாணவர்களும் கேட்டார்கள். விடை எளிது. நான் மணலில் எழுதிய அதே எழுத்து, ஏறத்தாழ 750 ஆண்டுகளுக்கு முன் நம் சோழமண்டலக் கடற்கரையில் ஒரு செங்கற் கோபுரத்தில் பொறிக்கப்பட்டிருந்தது. அதனோடு வேறு ஏழு எழுத்துகளும் இருந்தன. அந்த எட்டையும் எழுதக் கற்றுக்கொள்வதே ஒரு வரலாற்றுப் பாடம் என்று கண்டேன்.

கோபுரமும் சாட்சியும்

வாங் தாயுவான் என்ற சீனப் பயணி, சுவான்சௌ துறைமுகத்திலிருந்து கப்பலேறித் தென்கடல் நாடுகள் பலவற்றைச் சுற்றி வந்தவர். தாம் கண்ட நாடுகளையும் துறைகளையும் பற்றி 1349ஆம் ஆண்டையொட்டி ஒரு நூல் எழுதினார். அதில் 'மண் கோபுரம்' என்ற தலைப்பில் ஒரு சிறு குறிப்பு உண்டு. பட்டினம் என்ற ஊரின் சமவெளியில் மரங்களும் கற்களும் சூழ, செங்கல்லால் ஆன உயர்ந்த கோபுரம் ஒன்று இருந்ததாகவும், அதில் சீன எழுத்துகள் இருந்ததாகவும் அவர் தெரிவிக்கிறார். சியென்சுன் ஆட்சிக் காலத்தின் மூன்றாம் ஆண்டு எட்டாம் மாதத்தில் பணி முடிந்தது என்பதே அவ்வெழுத்துகளின் பொருள். சியென்சுன் என்பது சீனத்தின் சுங் அரச மரபில் 1265 முதல் 1274 வரை வழங்கிய ஆட்சிக் காலப் பெயர். எனவே மூன்றாம் ஆண்டு என்பது கி.பி. 1267. சீனரின் எட்டாம் மாதம் நம்முடைய ஆவணி, புரட்டாசியை ஒட்டி வரும்.

வாங் தாயுவான் குறிப்பிடும் பட்டினம், நாகப்பட்டினமே என்று ஆய்வாளர் பலர் கொள்கின்றனர். 19ஆம் நூற்றாண்டிலும் நாகப்பட்டினத்தில் ஒரு பழைய கோபுரம் நின்றது. மக்கள் அதைச் சீனக் கோபுரம் என்றே அழைத்தனர். வால்டர் எலியட் என்ற பிரித்தானிய அதிகாரி 1846இல் அதைப் பார்த்துக் குறிப்பெழுதினார். சிதைந்த நிலையில் இருந்த அந்த மூன்று நிலைச் செங்கற் கட்டடம் 1867இல் இடிக்கப்பட்டது. வாங் தாயுவான் கூறிய கோபுரம் இதுதானா, வேறொன்றா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. எழுத்துப் பொறித்த கல் கையில் இருந்திருந்தால் அந்த வழக்கு ஒரே நாளில் தீர்ந்திருக்கும். கல் நம்மிடம் இல்லை. ஒரு பயணி படித்து எழுதிவைத்த எட்டு எழுத்துகள் மட்டுமே எஞ்சியுள்ளன.

மணலில் முதல் பாடம்

சிங்கப்பூரிலிருந்து ஊருக்கு வந்த என் தாய்மாமன், அங்கே சிறுவர்கள் சீன எழுத்துப் பழகும் கட்டம் போட்ட நோட்டு ஒன்றைக் கொண்டுவந்தார். அதில் ஒவ்வொரு பெரிய சதுரமும் ஒன்பது சிறு சதுரங்களாகப் பிரிக்கப்பட்டிருந்தது. நம் கோயில்களில் நவக்கிரகப் பீடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மூன்று வரிசை, வரிசைக்கு மூன்று. எழுத்தில் ஒரு கோடு இருந்தாலும் இருபது கோடு இருந்தாலும் அந்த ஒரே சதுரத்துக்குள் அடங்கவேண்டும். இதுவே முதல் விதி. நாம் எழுதும்போது 'ர' ஒடுங்கியும் 'ஞ' அகன்றும் நிற்கும். சீனத்தில் எல்லா எழுத்துக்கும் ஒரே அளவு வீடு.

தூரிகையையோ பேனாவையோ எடுக்காமல் ஒரே மூச்சில் இழுக்கும் கோட்டைக் கீற்று என்று சொல்லுவோம். சீன எழுத்து ஒவ்வொன்றும் இத்தனை கீற்று, இன்ன வரிசை என்ற ஒழுங்குடையது. இப்போது நீங்களும் ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள்.

'மூன்று' என்பது மூன்று கீற்று. மேலிருந்து கீழாக வரவேண்டும். ஒவ்வொன்றும் இடமிருந்து வலமாக ஓடவேண்டும். நடுக்கோடு சற்றுக் குட்டை. அடிக்கோடு எல்லாவற்றிலும் நீளம். மூன்றையும் ஒரே நீளமாகப் போட்டால் அது கணக்குக் கோடாகத் தெரியும், எழுத்தாகத் தெரியாது. பெரியவர் விட்டுவிட்ட மறுபாதியின் தொடக்கம் இதுதான்.

'எட்டு' என்பது இரண்டு கீற்று. ஓட்டு வீட்டின் கூரைச் சரிவு போல் இடப்பக்கம் ஒன்று சரியும். பிறகு வலப்பக்கம் ஒன்று சரியும். ஆனால் உச்சியில் இரண்டும் ஒட்டக்கூடாது. ஒட்டினால் 'மனிதன்' என்ற வேறு எழுத்தின் சாயல் வந்துவிடும். 'எட்டு' எழுத்து ஆதியில் ஒரு பொருள் இரண்டாகப் பிரிவதைக் காட்டியது என்றும், ஒலி ஒப்புமையால் எண்ணுக்குக் கடன் வாங்கப்பட்டது என்றும் எழுத்தாய்வாளர் கூறுவர்.

'பணி' என்பது மூன்று கீற்று. மேலே ஒரு படுக்கைக் கோடு. அதன் நடுவிலிருந்து இறங்கும் செங்குத்துக் கோடு. கீழே நீண்ட படுக்கைக் கோடு. ஏதோ ஒரு கைக்கருவியின் படத்திலிருந்து இது வந்தது என்பர். இதை எழுதும்போது செங்குத்துக் கோடு தலைக்கோட்டைத் துளைத்து மேலே எட்டிப் பார்த்தால் போதும், 'பணி' என்பது 'மண்' ஆகிவிடும். நான் முதல் வாரம் எழுதியவற்றில் பாதி மண்தான்.

இந்த மூன்று எழுத்துகளிலேயே விதிகள் முளைத்துவிட்டன. மேல் முந்தும், கீழ் பிந்தும். இடம் முந்தும், வலம் பிந்தும்.  இந்த வரிசை வெறும் சடங்கா? அன்று. வலக்கையால் எழுதுபவர் இடமிருந்து வலம் போனால்தான் ஈர மையின்மேல் கை படாது. விரைவாக எழுதும்போது ஒரு கீற்றின் முடிவிலிருந்து அடுத்ததன் தொடக்கத்துக்குத் தூரிகை காற்றில் தாவுகிறது. அந்தத் தாவல் குறைவாக இருக்கவேண்டும். இன்னும் விரைந்து எழுதினால் அந்தத் தாவலே மெல்லிய இழையாகத் தாளில் விழும். வரிசை தவறினால் இழை வேறிடத்தில் விழும், படிப்பவர் தடுமாறுவார்.

நமக்கும் இது புதிதன்று. விசயதசமி நாளில் தாம்பாளத்தில் பரப்பிய நெல்லின்மேல் பெரியவர்கள் நம் விரலைப் பிடித்து 'அ' எழுதுவித்தபோது, சுழியில் தொடங்கித்தான் எழுதுவித்தார்கள். திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் எழுதி, எழுதும்போதே உரக்கச் சொல்லிப் பழகினர். கண், கை, வாய் மூன்றும் ஒரே நேரத்தில் வேலை செய்யும் முறை அது. சீன எழுத்துக்கும் அந்த முறையே எனக்குக் கைகொடுத்தது.

திங்களும் விளைச்சலும்

இனி 'மாதம்' என்ற எழுத்து. நான்கு கீற்று. முதலில் இடப்பக்கம் ஒரு நெடுங்கோடு இறங்கி, அடியில் சற்று இடப்புறமாகச் சாயும். அதன் தலையிலிருந்து ஒரு கோடு வலப்பக்கம் சென்று, மடங்கிக் கீழிறங்கி, சிறு கொக்கியோடு முடியும். உள்ளே இரண்டு குறுங்கோடுகள். ஏறக்குறைய இரண்டு படி வைத்த ஏணி போலத் தோன்றும். ஆனால் 3,000 ஆண்டுகளுக்கு முன் ஆமையோட்டிலும் எலும்பிலும் கீறப்பட்ட பழைய வடிவங்களைப் பார்த்தால், இது பிறைநிலவின் படம் என்பது தெளிவாகும். இந்த எழுத்துக்கு நிலவு என்றும் பொருள். மாதம் என்றும் பொருள். தமிழர்க்கு இதை விளக்கவும் வேண்டுமோ? 'திங்கள்' என்ற ஒரே சொல்லில் வானத்து நிலவையும் நாட்காட்டி மாதத்தையும் வைத்திருப்பவர்கள் நாம். நிலவின் தேய்வும் வளர்ச்சியும் காலத்தை அளக்கும் கருவியாக இருந்ததால் இரு மக்களும் தனித்தனியே ஒரே முடிவுக்கு வந்தனர்.

'ஆண்டு' என்ற எழுத்து ஆறு கீற்று. இடமேல் மூலையில் ஒரு சிறு சாய்கோடு, பிறகு ஒரு படுக்கைக் கோடு, அதற்குக் கீழே இன்னொன்று, இடப்பக்கம் ஒரு குறுஞ்செங்குத்து, பிறகு நீண்ட படுக்கைக் கோடு, கடைசியில் எல்லாவற்றையும் ஊடுருவி இறங்கும் நெடுஞ்செங்குத்து. இன்றைய வடிவில் படம் எதுவும் தெரியாது. பழைய வடிவிலோ, ஒரு மனிதன் கதிர்க்கட்டைச் சுமந்து செல்கிறான். விளைச்சல் வீடு வந்தது. ஓர் ஆண்டு ஆயிற்று. மழையை நம்பி ஆண்டுக்கு ஒரு போகம் நெல் எடுக்கும் இராமநாதபுரத்து விவசாயி இந்த எழுத்தை உடனே ஒப்புக்கொள்வார்.

எட்டில் ஐந்து முடிந்தன. ஆறாவது, 'முடிந்தது' என்ற எழுத்து. இது கோடுகள் நெருங்கியது. தொடக்கத்தில் இது பறவையையும் விலங்கையும் பிடிக்கும் கைப்பிடி வைத்த வலையின் படம். அதே ஒலியுடைய 'முடிதல்' என்ற சொல்லுக்குப் பின்னர் இவ்வெழுத்து பயன்பட்டது. வலையைத் தோளில் சுமந்து வந்த பெரியவரிடம் இதை எழுதிக் காட்டியிருக்கலாமே என்று பிறகு தோன்றியது.

இப்போது சேர்த்துப் பாருங்கள்: மூன்று, ஆண்டு, எட்டு, திங்கள், முடிந்தது, பணி. முதலில் ஆண்டு, அடுத்து மாதம் என்று பெரியதிலிருந்து சிறியதற்கு வரும் இந்த ஒழுங்கு நம் கல்வெட்டுகளிலும் பழகிய ஒழுங்கே.

தூரிகையின் இயற்பியல்

விரலால் மணலில் எழுதுவது ஒன்று. தூரிகையால் தாளில் எழுதுவது வேறொன்று. இங்கேதான் என் பாடம் குறுக்கிடுகிறது. ஒரு சிறு சோதனை செய்யுங்கள். நீர்வண்ணம் தீட்டும் தூரிகை ஒன்றைக் கண்ணாடிக் குவளை நீருக்குள் விட்டுப் பாருங்கள். நீருக்குள் மயிர்கள் பிரிந்தே நிற்கும். வெளியே எடுங்கள், எல்லா மயிர்களும் ஒன்றுகூடிக் கூர்முனை ஆகும். நனைந்ததால் ஒட்டிக்கொண்டன என்று சொன்னால் போதாது, நீருக்குள்ளும் அவை நனைந்துதானே இருந்தன? வெளியே வந்ததும் மயிர்களைச் சூழ்ந்த நீரின் மேற்பரப்பு, இழுத்துக் கட்டிய தோல் போலச் சுருங்கப் பார்க்கிறது. இதுவே பரப்பு இழுவிசை. அந்த இழுப்பே மயிர்களைக் கட்டி ஊசிமுனை செய்கிறது.

மயிர்களுக்கு இடையிலுள்ள நுண்ணிய இடைவெளிகளில் மை தேங்கி நிற்பதும், தாளைத் தொட்டதும் தாளின் நார்களுக்குள் பாய்வதும் நுண்புழை விளைவு. மெல்லத் தொட்டால் மயிரிழைக் கோடு. அழுத்தினால் தூரிகை விரிந்து பருத்த கோடு. ஒரே கீற்றுக்குள் மெல்லத் தொடங்கி, அழுத்தி, மீண்டும் மெலிந்து முடிக்கலாம். ஆனால் கை தயங்கி ஓரிடத்தில் நின்றால் தாள் மையை உறிஞ்சிப் பெருங்கறை ஆக்கிவிடும். என் முதல் எழுத்துகள் எல்லாம் மழையில் நனைந்த விலாசம் போல் இருந்தன. வேகமும் அழுத்தமும் சேர்ந்து பழகவேண்டும்.

சீன மை, விளக்குக் கரியையோ தேவதாரு வகை மரக் கரியையோ விலங்குப் பசையோடு பிசைந்து கட்டியாக்கியது. வேண்டியபோது கல்லில் நீர்விட்டு உரைத்துக்கொள்வர். கரித்துகள் நீரில் கரைவதில்லை. பசை அத்துகள்களைப் போர்த்தி, ஒன்றோடொன்று ஒட்டிப் படியாமல் மிதக்கவைக்கிறது. இது ஒரு கூழ்மக் கரைசல். கரி வேதிமாற்றம் எளிதில் அடையாததால் பல நூற்றாண்டுத் தாளிலும் எழுத்து கறுப்பாகவே நிற்கிறது.

நம் முன்னோர் கையாண்ட கருவியோ எழுத்தாணி. பனையோலையின் நார் நீளவாக்கில் ஓடுகிறது. அந்தத் திசையில் அழுத்தி நேர்கோடு கிழித்தால் ஓலை பிளக்கும். ஆகவே வளைவுகள் பெருகின என்றும், ஓலையைத் துளைக்கும் என்று அஞ்சியே ஏட்டில் பெரும்பாலும் புள்ளி இடாமல் விட்டனர் என்றும் கூறுவர். எழுதிய பின் கரியைத் தடவித் துடைத்தால் கீறலில் மட்டும் கறுப்பு தங்கும். சீனரும் கரியால் எழுதினர், நாமும் கரியால் எழுதினோம். அவர்கள் தாளின்மேல் கரியை வைத்தனர். நாம் ஓலைக்குள் கரியை நிரப்பினோம். எழுத்தின் உருவத்தை எழுதுபொருள் எவ்வளவு தூரம் தீர்மானிக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

பொருள் பாதி, ஒலி பாதி

எட்டில் இரண்டு மிச்சம்: 'சியென்', 'சுன்' என்ற ஆட்சிப் பெயரின் எழுத்துகள். 'சியென்' என்பதற்கு 'எல்லாம்' என்று பொருள், ஒன்பது கீற்று. 'சுன்' என்பதற்கு 'தூய்மை' என்று பொருள்; பதினொரு கீற்று. இந்த 'சுன்' எழுத்தின் இடப்பக்கம் மூன்று சிறு கீற்றுகள் துளித்துளியாக நிற்கும். அவை நீரின் அடையாளம். வலப்பக்கம் இருப்பது ஒலியைச் சுட்டும் பகுதி. இடப்பக்கம் பொருளின் இனத்தைச் சொல்லும், வலப்பக்கம் ஏறத்தாழ ஒலியைச் சொல்லும். சீன எழுத்துகளில் மிகப் பெரும்பான்மை இப்படி இணைந்து உருவானவையே. சீன எழுத்தெல்லாம் படம் என்று பலர் நினைப்பது தவறு. படங்கள் சிலவே, அவற்றை உறுப்புகளாக வைத்துக் கட்டிய கூட்டெழுத்துகளே பல.

அந்த மூன்று நீர்த்துளியைத் தெரிந்துகொண்டவர்க்கு இன்னொரு கதவு திறக்கும். இராசராச சோழன் அனுப்பிய தூதர் 1015இல் சீன அரசவையை அடைந்த செய்தி சுங் மரபின் வரலாற்றில் உள்ளது. சோழ நாட்டின் பெயரைச் சீனர் 'சூ', 'நியென்' என்ற இரண்டு எழுத்துகளால் எழுதினர. முதல் எழுத்துக்கு 'ஊற்றுதல்' என்று பொருள். அதன் இடப்பக்கத்திலும் அதே மூன்று நீர்த்துளிகள். இரண்டாவதற்கு அரசர் ஏறும் வண்டி என்று பொருள். சோழ நாட்டுக்கும் ஊற்றுவதற்கும் தொடர்பு ஏதுமில்லை. பிறநாட்டுப் பெயரை எழுதப் பொருளை மறந்து ஒலியை மட்டும் கடன் வாங்குவது அவர்கள் வழக்கம்.

நம் பட்டினத்தையும் அப்படியே எழுதினர். வாங் தாயுவான் பட்டினத்துக்கு இட்ட எழுத்துகள் இரண்டு. முதலாவது, நாம் மேலே பழகிய 'எட்டு'. இரண்டாவது, செந்நிறத் தாதுவைக் குறிக்கும் 'தான்'. வடசீன ஒலிப்பில் 'பாதான்' என்று வரும். ஆனால் சுவான்சௌ அமைந்த தென்கிழக்குச் சீனப் பேச்சில், நூலைப் படிக்கும் ஒலிப்பில் 'எட்டு' என்பது 'பட்'. சேர்த்துச் சொல்லிப் பாருங்கள்: பட்-தான். நம் கரையில் மாலுமிகள் இன்றும் சொல்லும் 'பட்டணம்' காதில் விழுகிறதல்லவா?

அவர் நூலில் மற்றோர் ஊரும் வருகிறது. அதே இரண்டு எழுத்துகளுக்கு முன்னே 'பெரிய' என்ற பொருளுடைய எழுத்து, அதாவது பெரிய பட்டினம். இது இராமநாதபுரத்துக்குத் தென்கிழக்கே மன்னார் வளைகுடாக் கரையிலுள்ள பெரியபட்டினமே என ஆய்வாளர் சிலர் கருதுகின்றனர். மேற்குக் கடற்கரையில் தேடுவோரும் உண்டு. பெரியபட்டினத்தில் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் 1987இல் அகழாய்வு செய்தபோது, 13, 14ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த சீனப் பீங்கான் ஓடுகள் ஏராளமாகக் கிடைத்தன. பச்சை மெருகு பூசியவை, வெண்மையானவை, வெண்மையில் நீலம் தீட்டியவை எனப் பல வகை. வடகிழக்குப் பருவக்காற்றில் பாய் விரித்து வந்த கப்பல்கள் இறக்கிய சரக்கு அது. 'பெரிய' என்பதைப் பொருளால் எழுதி, 'பட்டினம்' என்பதை ஒலியால் எழுதிய அந்த மூன்றெழுத்துப் பெயரில், சீன எழுத்து முறை முழுவதும் அடங்கியிருக்கிறது.

எத்தனை எழுத்து கற்கவேண்டும்?

நமக்கு 247 எழுத்துகள். சீனத்தில் எத்தனை? கி.பி. 100ஐ ஒட்டி சூ ஷென் தொகுத்த அகராதியில் 9,353 எழுத்துகள் விளக்கப்பட்டன. 1716இல் காங்சி பேரரசர் ஆணையால் முடிந்த அகராதியில் 47,000க்கு மேல். இதைக் கேட்டு மலைக்கவேண்டாம். 2013இல் சீன அரசு வெளியிட்ட பொதுப் பட்டியலில் 8,105 எழுத்துகள் உள்ளன. அவற்றுள் 3,500 மட்டுமே முதல் வரிசையில் வைக்கப்பட்டவை. இவை தெரிந்தவர் நாளிதழை எளிதில் படிப்பார். மேலும், காங்சி அகராதி எழுத்துகளை அடுக்கப் பயன்படுத்திய அடையாள உறுப்புகள் 214 மட்டுமே. நம் 247ஐவிடக் குறைவு! இந்த உறுப்புகளைக் கற்றவனுக்குப் புதிய எழுத்து முற்றிலும் புதிதாக வருவதில்லை. தெரிந்த உறுப்புகள் புதிய சேர்க்கையில் வருகின்றன. வேதியியலில் தனிமங்களும் சேர்மங்களும் போல என்று என் மாணவர்களுக்குச் சொல்வதுண்டு.

1956 முதல் சீன அரசு பல எழுத்துகளின் கீற்றுகளைக் குறைத்து எளிமையாக்கியது. சிங்கப்பூரும் அதை ஏற்றது. ஆங்காங்கிலும் தைவானிலும் பழைய வடிவமே வழங்குகிறது. நம் எட்டில் 'முடிந்தது' என்ற வலை எழுத்து மட்டும் இந்த மாற்றத்தில் உருமாறியது. மற்ற ஏழையும் இன்றைய சிங்கப்பூர்ச் சிறுவன் அப்படியே படித்துவிடுவான். 1267இல் எழுதியதை இன்றைய பள்ளிப் பிள்ளை படிக்க முடிகிறது என்பதை நினைவில் வையுங்கள். இறுதியில் இதற்குத் திரும்பி வருவோம்.

மதகை மூடிய கல்

இந்தச் சில எழுத்துகளைக் கற்றபின், கடலுக்கு அப்பால் இருக்கும் ஒரு கல்லின் படத்தை எடுத்துப் பார்த்தேன். இலங்கையின் காலி நகரில் 1911ஆம் ஆண்டு ஒரு பொறியாளர் கண்டெடுத்த கல் அது. அதுவரை நீரோடும் மதகொன்றை மூடும் பலகைக் கல்லாகக் கிடந்தது. புரட்டிப் பார்த்தபோது சீனம், தமிழ், பாரசீகம் என மும்மொழிகளில் எழுத்து! சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹோ கொண்டுவந்து நாட்டிய கல் என்று தெரியவந்தது. சீனப் பகுதி புத்தருக்கும், தமிழ்ப் பகுதி தேனவரை நாயனார் என்ற திருமாலுக்கும், பாரசீகப் பகுதி இசுலாமியர் வழிபாட்டுக்கும் அளித்த காணிக்கைகளைப் பட்டியலிடுகின்றன. பொன், வெள்ளி, பட்டு, எண்ணெய் என நீளும் பட்டியல் அது. இன்று கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் அக்கல் இருக்கிறது.

அதன் சீனப் பகுதியின் முடிவில் நாள் குறிக்கப்பட்டுள்ளது: யுங்லோ ஆட்சியின் ஏழாம் ஆண்டு இரண்டாம் மாதம், அதாவது கி.பி. 1409. கதிர்க்கட்டு சுமந்த 'ஆண்டு' அங்கே இருக்கிறது. பிறை வழிவந்த 'திங்கள்' இருக்கிறது. இரண்டு படுக்கைக் கோடாக 'இரண்டு' இருக்கிறது. யுங்லோ என்ற பெயரின் முதல் எழுத்து 'யுங்', 'என்றென்றும்' என்று பொருள்படுவது. சீனத்தில் தூரிகை பிடிக்கக் கற்பவர்க்குப் பல நூற்றாண்டுகளாகக் கொடுக்கப்படும் பயிற்சி எழுத்து இதுவே. ஐந்தே கீற்றில் புள்ளி, படுக்கை, செங்குத்து, கொக்கி, சாய்வு என எட்டு வகை அசைவுகளும் அதில் வந்துவிடுகின்றன. தொடக்க மாணவனின் பாட எழுத்து, தமிழ் எழுத்துள்ள ஒரு கல்லில் 600 ஆண்டுகளுக்கு மேலாக நிற்கிறது.

எதிர்த்திசையிலும் இப்படி ஒரு கல் உண்டு. சுவான்சௌ நகரில் 1956இல் ஒரு தமிழ்க் கல்வெட்டு கிடைத்தது. சக ஆண்டு 1203, சித்திரை மாதம், அதாவது கி.பி. 1281. தவச்சக்கரவர்த்திகள் சம்பந்தப் பெருமாள் என்பவர் அங்கே சிவனை எழுந்தருளச் செய்த செய்தி அதில் உள்ளது. தமிழ் வரிகள் முடிந்தபின் கடைசியில் ஒரு வரி சீன எழுத்துகள். நாகையில் சீனர் எழுதிய எழுத்துக்கும் சுவான்சௌவில் தமிழர் எழுதிய எழுத்துக்கும் இடையே பதினான்கே ஆண்டுகள்.

படிக்கத் தெரியாத கல்

காலிக் கல் ஏன் மதகை மூடியது? அதைக் கிடத்தியவர்க்கு அது எழுத்தாகப் படவில்லை. நல்ல தட்டையான பலகைக் கல்லாகப் பட்டது. நாகைக் கோபுரம் இருந்த இடத்திலும் சிதைந்த செங்கல் குவியல்தான் கண்ணுக்குப் பட்டது. படிக்கத் தெரிந்தவர் ஒருவர் வந்த வரையில் கோபுரம் பேசிற்று, பிறகு ஊமையாயிற்று. ஓர் எழுத்தைக் கற்பது என்பது ஒரு கல்லின் வாயைத் திறப்பதாகும்.

சீனம் அயல் எழுத்து, அதை எல்லோரும் கற்கவேண்டும் என்று நான் கூறவில்லை. ஆனால் உங்கள் ஊர்க் கோயிலின் அடித்தளச் சுவரைப் பாருங்கள். அங்கே வரிவரியாக ஓடும் எழுத்துகள் தமிழே. அவற்றுள் எத்தனையை நம்மால் படிக்க முடிகிறது? 1267ஆம் ஆண்டின் சீன எழுத்தைச் சிங்கப்பூர்ப் பள்ளிச் சிறுவன் படிப்பான். அதே காலத்துத் தமிழ்க் கல்வெட்டின் முன் பட்டம் பெற்ற நாம் விழித்து நிற்கிறோம். சுண்ணாம்பு அடித்து மறைத்த கல்வெட்டுகளையும், திருப்பணியில் இடம் மாறித் தலைகீழாகக் கட்டப்பட்ட கல்வெட்டுகளையும் நான் பார்த்திருக்கிறேன். அங்கும் காரணம் அதே: எழுத்தாகப் படாமல் கல்லாகப் பட்டது.

அந்தக் காலத்துத் தமிழ் எழுத்து வடிவங்களைக் கற்க 3,500 எழுத்துகள் வேண்டியதில்லை. தெரிந்த எழுத்துகளின் பழைய முகங்களைப் பழகினால் போதும்; சில வார உழைப்பு. ஒரு நாளைக்கு இரண்டு எழுத்து என்று மணலில் எழுதிப் பழகுங்கள். தாள் செலவும் இல்லை. பிழையை அலை வந்து அழித்துவிடும். பிறகு ஒரு காலை வேளையில் உங்கள் ஊர்க் கோயில் சுவரருகே நின்று, ஆண்டையும் திங்களையும் முதலில் தேடுங்கள். அந்த இரண்டும் தெரிந்தால் மற்றவை ஒவ்வொன்றாகத் தாமே வரும்.